அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ரோட்டில் ஓடினால், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடலுக்குப் போனவர் திரும்பவில்லையா, ஆஸ்பத்திரியில் யாரையும் சேர்த்திருக்கிறார்களா, பிள்ளைக்கு ஏதாவதா என்று கேள்வி நீளும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி என்று எங்கே போனாலும் இதே கதைதான். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி விடியற்காலையில் ஷூ போட்டுக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், தன் உடம்புக்காக ஓடுகிறாள் என்பதை ஊர் ஏற்றுக்கொள்ள நாளாகும். ஆனால் "டயாலிசிஸ் பண்றவங்களுக்குப் பணம் திரட்ட ஓடுறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அதே ஊர் ஒதுங்கி வழிவிடும். வாசலில் சொம்புத் தண்ணீரோடு நிற்பவர்களும் உண்டு. உடம்பைத் தேற்றிக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, நல்ல காரியத்துக்கான ஓட்டங்களைப்போலக் கைகொடுப்பது வேறொன்றும் இல்லை என்று நான் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான். வேறு காரணங்களும் இருக்கின்றன, சொல்கிறேன்.

நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காலையில் வரும் சீட்டுகளில் சுகரும் பிரஷரும்தான் அதிகம். வெளியூரிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்கள் தலைவலி மாத்திரை வாங்க நிற்கும்போது இதைப் பார்த்துவிட்டு, "நாள் முழுக்க உழைக்கிற ஜனம், மீன் சாப்பிடுற ஜனம், உங்களுக்கு எப்படிங்க சுகர்?" என்று ஆச்சரியப்படுவார்கள். உழைப்பு இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அது தோளையும் இடுப்பையும் மட்டும் தேய்க்கிற உழைப்பு. விசைப்படகில் போகிறவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. வலை இழுக்கும் நேரம் போக மீதி நேரம் உட்கார்ந்தபடிதான் போகும். கரையில் இறால் உரிக்கும் பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பார்கள். கடலுக்குப் போகாத நாளில் ஆம்பளைகளுக்குச் சீட்டுக்கட்டு, பெண்களுக்கு அடுப்படி. மூன்று வேளையும் சோறு, நடுவில் நாலைந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இதயமும் நுரையீரலும் தொடர்ந்து அரை மணி நேரம் வேலை செய்கிற மாதிரி ஒரு அசைவு அந்த நாளில் எங்கேயுமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. இரண்டாவது எங்கள் பெண்களுக்குத் தண்ணீர்க் குடத்திலேயே கிடைத்துவிடுகிறது. முதலாவதுதான் கிடைப்பதில்லை.

சுகரையும் பிரஷரையும் பல வருஷம் கவனிக்காமல் விட்டால் கடைசியில் கிட்னியில் கொண்டுபோய் விடும். சிறுநீரகம் பழுதாவதற்கு முதல் இரண்டு காரணங்கள் இவைதான். அப்புறம் டயாலிசிஸ். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை, அது பெரிய காரியம். ஆனால் போய் வர வேண்டுமே! தீவிலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டர் பக்கம். சிலர் மதுரை வரைக்கும் போகிறார்கள். முடித்துவிட்டு வரும்போது உடம்பு துவண்டு போயிருக்கும், கூட்டப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கார் பிடிக்க வேண்டும், கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். பணம் இல்லாமல் ஒரு தடவை, இரண்டு தடவை போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த வாரம் கால் வீங்கி, மூச்சு வாங்கி, கடை வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் என்ன மாத்திரை கொடுக்க முடியும்?

இதற்காகத்தான் எங்கள் ஓட்டம் தொடங்கியது. கோயில் இளைஞர்கள் கொஞ்சம் பேர், இரண்டு பி.டி. வாத்தியார்கள், ஒரு டீக்கடை அண்ணன், நான். பெரிய அமைப்பு என்று எதுவும் கிடையாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் ஓட வேண்டும். அவ்வளவு முடியாதவர்கள் தனுஷ்கோடி வரை பாதி தூரம் நடக்கலாம். திரட்டும் பணம் முழுவதும் டயாலிசிஸ் நோயாளிகளின் போக்குவரத்துக்கு.

அந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போனது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் அங்கே ஒழுங்கான ரோடே கிடையாது. மணலிலும் தண்ணீரிலும் தட்டுத்தடுமாறிப் போகும் வேன்கள்தான். 2017 ஜூலையில், பேக்கரும்பில் கலாம் நினைவகம் திறந்த அதே நாளில்தான் இந்தத் தார் ரோட்டையும் திறந்தார்கள். போகும்போது இடது பக்கம் பெண் கடல், வலது பக்கம் ஆண் கடல். எங்கள் ஆட்கள் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் அப்படித்தான் சொல்வார்கள். நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. ஏற்றம், இறக்கம் எதுவுமில்லாத நேர்ரோடு. புதிதாக ஓடுகிறவர்களுக்கு இந்த ரோடு நல்லதும்தான், கெட்டதும்தான். மூட்டுக்கு நல்லது. ஆனால் மனசுக்குக் கஷ்டம், ஏனென்றால் ரோடு முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், கிட்டே மட்டும் வராது.

பணம் திரட்டுகிற முறை எளிமையானது. ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் போய், "நான் ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு தருவீங்க?" என்று கேட்க வேண்டும். டீக்கடை அண்ணன் எனக்குக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அக்கா, நீங்க பாதியில நின்னா எனக்குத்தான் லாபம். நின்னுடாதீங்க" என்றார். அந்த நோட்டுதான் எனக்குப் பயிற்சியாளர். மழைத் தூறலில் போர்வைக்குள் கிடக்கும்போது, தன் உடம்புக்கு நல்லது என்ற நினைப்பு யாரையும் எழுப்பிவிடாது. உடம்பு நாளைக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் நோட்டில் பெயர் எழுதிய மீன்கம்பெனிக்காரர், பால்காரர், பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லோரும் எதிரே வரும்போதெல்லாம் "எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?" என்று கேட்பார்கள். கொடுத்த வாக்கை மீறுவது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை.

இது ஒன்றும் புதுசும் இல்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நாம் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் பார்க்கிறோம். வேளாங்கண்ணிக்கும் ஓரியூருக்கும் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருந்து கடைத்தெருவுக்கு நடக்க மாட்டேன் என்கிற ஆள், பிள்ளைக்கு உடம்பு சரியானால் நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டால் நூறு கிலோமீட்டரும் நடந்துவிடுவார். நமக்காக என்பதைவிட இன்னொருவருக்காக என்றால் கால் எழுந்துவிடுகிறது. ஆனால் பாதயாத்திரைக்கு யாரும் முன்னாடியே நடந்து பழகுவதில்லை. கிளம்புகிற அன்றுதான் முதல் நடை. காலெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்து, அடுத்த வருஷம் வரை நடையை மறந்துவிடுவார்கள். ஓட்டப் போட்டியில் அது முடியாது. அந்த ஒரு காலைக்காக மூன்று மாதமாவது உடம்பைத் தயார் செய்தாக வேண்டும். உடம்பு தேறுவது அந்த மூன்று மாதத்தில்தான். போட்டி நாள் அதற்கு ஒரு சாக்கு, நல்ல சாக்கு.

இந்த வழியைப் பெரிய அளவில் காட்டிக்கொடுத்தவர் டெர்ரி ஃபாக்ஸ். கனடாக்காரர், புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்கு முனையிலிருந்து ஓடத் தொடங்கினார். தினமும் ஒரு மாரத்தான் தூரம், சுமார் 42 கிலோமீட்டர். ஒவ்வொரு கனடாக்காரரும் ஒரு டாலர் தர வேண்டும், அது புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பரில் நின்றார். அடுத்த வருஷம் பிப்ரவரிக்குள் அவர் கேட்ட கணக்குக்கு மேலேயே பணம் சேர்ந்துவிட்டது. ஜூனில் இறந்தபோது அவருக்கு 22 வயதுதான். அவர் பெயரில் நடக்கும் ஓட்டம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்துவருகிறது. ஃபவுஜா சிங்கைப் பற்றியும் நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2000-இல் லண்டன் மாரத்தானில் 89 வயது என்று சொல்லி முதன்முதலாக ஓடினார், குறைமாதக் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்புக்காக. கடைக்கு வந்து "எனக்கு ஐம்பத்தஞ்சு ஆச்சும்மா, இனிமே என்ன" என்கிறவர்களிடம் நான் அவரைப் பற்றித்தான் சொல்வேன்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், எங்கள் கடலையே பார்க்கலாம். 1954-இல் நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக் நீரிணையை நீந்தி வந்தார். 1994-இல் குற்றாலீஸ்வரன் நீந்தியபோது அவருக்கு வயது 12. 2022 மார்ச்சில் ஜியா ராய் என்ற 13 வயதுப் பெண் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு 13 மணி நேரத்துக்குச் சற்று மேல் நீந்தி வந்து சேர்ந்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை அவள். ஆட்டிசத்தைப் பற்றி நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே நீந்தினாள். எங்கள் ஓட்டம் முடிகிற இடமும் அவள் கரையேறிய இடமும் ஒன்றுதான். புதுசாக வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் ஓட்டத்தைத் தொடங்கவிடுவதில்லை.

இனிப் பயிற்சி. பேசிக்கொண்டே போக முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறையுங்கள். எங்கள் குழுவில் முதல் மாதம் முழுக்க நடைதான். இரண்டாவது மாதத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. பிறகு ஓட்டம் கூடும், நடை குறையும். இதயமும் மூச்சும் சில வாரத்திலேயே பழகிவிடும். ஆனால் தசைநாரும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கலையே, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போகலாமே" என்று தோன்றும்போதுதான் முழங்கால் கீழெலும்பில் வலி பிடிக்கும். இளவட்டங்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

மணலில் ஓடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், வாசலிலேயே கடற்கரை இருக்கிறதே. மென்மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். உடம்பு பழகிய பிறகு வாரத்தில் ஒரு நாள் கொஞ்ச நேரம் ஓடினால் கெண்டைக்கால் நன்றாக உரமேறும். தொடக்கத்திலேயே அதில் இறங்கினால் குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும். அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். போகும் தூரம் அளவுக்குத் திரும்பியும் வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். ஜனவரியிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் ஆமைகள் முட்டையிட ஏறிவரும். இருட்டில் அந்த மணலில் டார்ச் அடித்துக்கொண்டு ஓடுவது வேண்டாம், தார் ரோடே போதும்.

காற்றை மதிக்காமல் இங்கே ஓட முடியாது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது எதிர்த்து ஓடிப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். மாற்றிச் செய்தால், தெம்பு இருக்கும்போது சுகமாகப் போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதைவிட ஏமாற்றுவது ஈரக்காற்று. வேர்வை கொட்டும், ஆனால் காயாது, காயாததால் உடம்பு குளிராது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆம்பளைகள் வீட்டில் இருக்கிற நேரம் அதுதான், அவர்களை ஓட்டத்துக்குப் பழக்க அதைவிட்டால் சமயம் கிடையாது. ஆனால் அதுவே கோடையின் உச்சம். அதனால் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுவோம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும், அந்த நாட்களில் தூரத்தைக் கூட்டவே கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போதும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிரஷர், கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் குடிக்க வேண்டும்.

சுகர் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஏனென்றால் எங்கள் ஓட்டத்துக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் அவர்கள்தான், வரவும் வேண்டும். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலின் தயவு இல்லாமலேயே இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒரு நாள், இரண்டு நாள் வரை நிற்கும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் நடந்தால் நல்ல பலன் கிடைக்கும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் அளவைக் குறைக்கும். மெட்பார்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் வாழைப்பழமோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலமோ சர்க்கரை மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே நின்று சாப்பிடுங்கள், மானம் பார்க்காதீர்கள். மாத்திரை அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் வேலை, உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை.

அப்புறம் கால். சுகர் பல வருஷமாக இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். ஷூவுக்குள் ஒரு கிளிஞ்சல் துண்டு கிடந்தாலும் தெரியாது. எங்கள் குழுவில் ஓடி முடித்ததும் எல்லோரும் பாலத்துச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது கட்டாயம். குனிய முடியாதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் பார்ப்பார். ஒரு நாள் கருவாட்டுக் கடை மதினி ஒருவர் காலை நீட்டிக்கொண்டு, "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் காலை இப்படி யாரும் பாத்ததில்ல" என்றார். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாகப் பிய்ந்து கிடந்தது. நாளெல்லாம் ஐஸ் தண்ணீரிலும் உப்பிலும் நிற்கிற கால். சரியான நேரத்தில் பார்த்ததால் மருந்து போட்டே ஆறிவிட்டது.

அந்த மதினியை வைத்தே இன்னொன்றும் சொல்கிறேன். முதலில் அவர் சேலைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டுதான் வந்தார். மகனுடைய பழைய ஷூ, முன்னால் துணி அடைத்திருந்தார். நடப்பதற்கு மட்டும்தான் வருவேன் என்றார். வீட்டில் மாமியாரிடம் "கிட்னி போனவங்களுக்கு உதவி பண்ண" என்று சொல்லித்தான் கிளம்பி வந்திருக்கிறார். மாமியாரின் தம்பி டயாலிசிஸில் இருந்தவர். அதனால் அந்தக் கிழவியே காலையில் அடுப்பைப் பற்றவைத்து, "நீ போய்ட்டு வா" என்று அனுப்பத் தொடங்கினார். தன் உடம்புக்காக என்று கேட்டிருந்தால் இந்தக் காலைப்பொழுது மதினிக்குக் கிடைத்திருக்காது. அடுத்த சீசனில் சுடிதாருக்கு மாறினார், அளவான ஷூ வாங்கினார். இப்போது தனுஷ்கோடி வரை நிற்காமல் ஓடுகிறார். மூன்று மாத சர்க்கரை அளவு குறைந்ததால் டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கு வியாபாரம் ஒரு அட்டை குறைந்தது, அதைப்போல சந்தோஷம் எனக்கு வேறு கிடையாது.

பாசி எடுக்கப் போகிற பெண்களும் சிலர் வருகிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையைப் பிடித்து மூச்சடக்கி முங்குகிறவர்கள் அவர்கள். மூச்சு என்றால் அதுதான் மூச்சு! அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க எதுவுமே இல்லை. பாதி தூரத்துக்குப் பிறகு அவர்களைப் பிடிக்க இளவட்டங்களாலும் முடியாது.

இனி எனக்கு உறுத்துகிற ஒரு விஷயம், பணம். நல்ல காரியத்துக்கு என்று சொல்லி நடக்கும் ஓட்டங்கள் எல்லா ஊரிலும் பெருகிவிட்டன. சந்தோஷம்தான். ஆனால் ஆயிரம் ரூபாய் கட்டணம் வாங்கி, அதில் டீ-சர்ட், பதக்கம், மேடை, ஒலிபெருக்கி, விருந்தினர் மாலை என்று எல்லாம் போக, கடைசியில் நோயாளிக்கு என்ன மிஞ்சியது என்று சொல்லாமல் விடுவது மன்னிக்கக்கூடிய காரியமாக எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுப் பத்து ரூபாய் கொடுத்தவருக்கு அந்தப் பத்து ரூபாய் எங்கே போனது என்று தெரிய வேண்டும். எங்கள் ஓட்டத்தில் டீ-சர்ட் கிடையாது, பதக்கம் கிடையாது. வாழைப்பழம், தண்ணீர், முதலுதவி, ஆம்புலன்ஸ், இவ்வளவுதான் செலவு. அதையும் இரண்டு மூன்று கடைக்காரர்கள் தனியாக ஏற்றுக்கொள்கிறார்கள். வரவு செலவு முழுவதையும் கையால் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவோம். யாருக்குக் கொடுத்தோம் என்பதை மட்டும் எழுதுவதில்லை, நோயாளிகளுக்கும் மானம் உண்டு. மற்ற ஊர்களில் பங்கெடுக்க நினைக்கிறவர்கள் கட்டணம் கட்டும் முன் கேளுங்கள்: போன வருஷம் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கொடுத்தீர்கள், கணக்கு எங்கே? பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் காசை நேராக ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஓடுங்கள். உடம்புக்குக் கிடைப்பது ஒன்றும் குறையாது.

நல்ல காரியம் என்ற வேகத்தில் பயிற்சியே இல்லாமல் வந்து நிற்கிறவர்களையும் நாங்கள் ஓடவிடுவதில்லை. ஒரு வருஷம் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தம்பியின் மகனுக்காக ஓடியே தீருவேன் என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பி.டி. வாத்தியார் அவர் கையைப் பிடித்து, "ஐயா, கொடியசைக்க ஆள் வேணும், நீங்கதான் அசைக்கணும்" என்று நிறுத்தினார். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. கிலோமீட்டர் குறைந்தாலும் முழுப் பணத்தையும் தந்துவிட வேண்டும் என்று நன்கொடையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறோம். யாரும் மறுத்ததில்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று ஒருவர் நெஞ்சுவலியோடு ஓடும் நிலைமை வரவே கூடாது.

ஓட்டம் முடிந்த மறுவாரம்தான் உண்மையான சோதனை. எல்லோரும் போட்டோ போடுவார்கள், வாட்ஸ்அப்பில் இதயம் பறக்கும், அப்புறம் குழு தூங்கிவிடும். அதனால் நாங்கள் ஓட்டம் முடிந்த அன்றே, அரிச்சல்முனையில் நிற்கும்போதே, அடுத்த காரியத்துக்குப் பெயர் எழுதிவிடுகிறோம். தடைக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க ஒரு நடை. கலாம் நினைவு நாளை ஒட்டி ஜூலையில் ரத்ததானமும் ஒரு சின்ன சைக்கிள் பயணமும். மழைக்காலத்தில் மட்டும் ஓய்வு. வருஷத்துக்கு ஒரு பெரிய ஓட்டத்தைவிட நாலு சின்னக் காரியங்கள் உடம்பைத் தொடர்ந்து அசைவில் வைத்திருக்கின்றன. தமிழக அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஏற்படுத்தியது. நல்ல திட்டம். பாதை போட்டுவிட்டார்கள், அதில் ஆட்களை இறக்கிவிடுவது உள்ளூர்க்காரர்கள் வேலை. அதற்கு எனக்குத் தெரிந்த வழி, யாருடைய பெயரையாவது சொல்லி நடக்க வைப்பதுதான்.

இந்த முறை சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குத் தனுஷ்கோடி வரை ஒரு பிரிவு சேர்க்கிறோம். தள்ளுவதற்குத் தெம்பான பிள்ளைகள் வேண்டும். ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களை முதல் நாளே கூட்டிவிட ஆட்களும் வேண்டும். பதிவு ஐப்பசி முதல் வாரத்தில் தொடங்கும், நோட்டு என் கடையிலும் டீக்கடையிலும் இருக்கும். ஓட்டம் மாசியில். முதல் நடை அதற்கு முந்தைய கார்த்திகையிலேயே, பாம்பன் ரோட்டுப் பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து, காலை ஐந்து மணிக்கு. ஷூ இல்லாதவர்கள் சொல்லுங்கள், பழைய ஷூக்கள் கொஞ்சம் துவைத்து வைத்திருக்கிறோம். சுகர், பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்கள் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். கூட ஒரு ஆளையும் அழைத்து வாருங்கள்.